சயின்டிஃபிக் கால்குலேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புவரை மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பழகிவிட்டுப் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ சேர்கிறவர்களுக்குக் கையில் கால்குலேட்டர் வந்தவுடன் எழும் ஐயங்கள், ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். விசைகளைக் குறிப்பிட நேரும்போது, நம் மாணவர்களிடம் அதிகம் புழங்கும் கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ், 991எம்எஸ், 991ஈஎஸ் பிளஸ் ஆகியவற்றையே எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரிகளில் விசையின் இடம் மாறலாம். கணக்கின் போக்கு மாறாது.

1. கடையில இருக்கிற சாதா கால்குலேட்டருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இதுலயும் கூட்டல், பெருக்கல்தானே?

2 + 3 × 4 என்று இரண்டிலும் அழுத்திப் பாருங்கள். கடைக் கால்குலேட்டர் வந்த வரிசையிலேயே கணக்கை முடித்துக்கொண்டு போவதால் பெரும்பாலும் 20 என்று காட்டும். சயின்டிஃபிக் கால்குலேட்டர் பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்து 14 என்று காட்டும். நீங்கள் தாளில் எழுதும் கோவையை முழுவதுமாக உள்ளே வாங்கிக்கொண்டு, சமக்குறியை அழுத்திய பிறகே கணக்கைத் தொடங்குவது இதன் இயல்பு.

சைன், லாக் போன்ற சார்புகள் இதில் இருப்பது அடுத்த வேறுபாடு. கையடக்கமான முதல் சயின்டிஃபிக் கால்குலேட்டரான எச்பி-35, 1972ஆம் ஆண்டு 395 டாலர் விலையில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவரை பொறியாளர்கள் ஸ்லைடு ரூல் எனப்படும் நழுவு சட்டத்தையும் அட்டவணைகளையும்தான் நம்பியிருந்தார்கள்.

2. பட்டனுக்கு மேலே மஞ்சள்லயும் சிவப்புலயும் எழுதியிருக்கே, அதை எப்படி வர வைக்கிறது?

மஞ்சளில் உள்ளதற்கு முதலில் ஷிஃப்ட் விசையையும், சிவப்பில் உள்ள எழுத்துகளுக்கு முதலில் ஆல்ஃபா விசையையும் அழுத்தி விட்டுவிட வேண்டும். கணினியில் செய்வதுபோல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தவறுதலாக அழுத்திவிட்டால் அதே விசையை மீண்டும் ஒருமுறை அழுத்தினால் அது நீங்கிவிடும்.

ஒரு நீண்ட கோவையில் ஓர் எண் தவறிவிட்டால் ஏசி விசையை அழுத்தி எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. இடம், வலம் என்றிருக்கும் அம்புக்குறி விசைகளால் அந்த இடத்துக்குப் போய் டெல் விசையால் அதை மட்டும் நீக்கலாம். விடை வந்த பிறகும் அம்புக்குறியை அழுத்தினால் கோவை திரும்பவும் திரைக்கு வரும். சூத்திரம் ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறுகின்றன என்ற நிலையில், ஆய்வகக் கணக்குகளில் இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

3. சைன் 30 போட்டா 0.5 வரணும். எனக்கு மைனஸ்ல வருது. மெஷின் போயிடுச்சா?

இல்லை. இந்தத் தொகுப்பிலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். காரணம் எப்போதும் கோண அலகில்தான் இருக்கிறது. சைன் 30க்கு 0.5 வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது; −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, 0.454 வந்தால் செங்கோணத்தை 100 பங்காகப் பிரிக்கும் கிரேடியனில் இருக்கிறது. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் திரையின் ஓரத்தில் உள்ள சிறிய டி, ஆர், ஜி எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. கால்குலேட்டரை யாரிடமாவது இரவல் வாங்கினால் முதல் வேலையாக இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மாற்றும் முறை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். 82எம்எஸ்ஸில் மோட் விசையை இரண்டு முறையும், 991எம்எஸ்ஸில் நான்கு முறையும் அழுத்தினால் கோண அலகுகள் தெரியும். அங்கே 1 டிகிரி, 2 ரேடியன், 3 கிரேடியன். ஈஎஸ் பிளஸ்ஸில் ஷிஃப்ட், மோட் என்று அழுத்தினால் வரும் பட்டியலில் 3 டிகிரி, 4 ரேடியன், 5 கிரேடியன்.

4. அப்ப எப்பவுமே டிகிரியிலயே வச்சுக்கலாமே? ரேடியன் எதுக்கு?

முக்கோணம், நில அளவை, இயற்பியல் விசைகளை (ஃபோர்ஸ்) கூறுகளாகப் பிரித்தல் ஆகியவற்றுக்கு டிகிரி போதும். கோணம் பையின் மடங்காகவோ, கோண வேகத்தை நேரத்தால் பெருக்கியோ வரும் இடத்தில் ரேடியன் கட்டாயம். மாறுதிசை மின்னோட்டச் சமன்பாடுகளும், வகைநுண்கணிதத்தில் சைன், காஸ் மதிப்புகளைப் பிரதியிடும் கணக்குகளும் அப்படிப்பட்டவை. டிகிரியில் வைத்துக்கொண்டு சைன் பை என்று அழுத்தினால் 0 வராது, 3.14159 டிகிரியின் சைனாகிய 0.0548 வரும்.

பை மதிப்புக்கு 3.14 என்று கையால் எழுதுவதையும் விட்டுவிடுங்கள். ரேடியனில் சைன் 3.14 என்பது 0.00159 ஆகும், பைக்கென்று உள்ள விசையைப் பயன்படுத்தினால்தான் 0 கிடைக்கும்.

5. 1 ÷ 200 போட்டேன். 0.005 வராம 5ம் பக்கத்துல சின்னதா −03ம் வருது. இது சரியா?

சரியே. 5 × 10⁻³ என்பதைத்தான் அது அவ்வாறு காட்டுகிறது. பக்கத்தில் சிறிதாக வரும் எண் பத்தின் அடுக்கு. அதைக் கவனிக்காமல் விடைத்தாளில் வெறும் 5 என்று எழுதிவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை.

நார்ம் 1 என்ற அமைப்பில் 0.01க்குக் குறைவான எண்கள் எல்லாம் இப்படி அடுக்கு வடிவில் வரும். நார்ம் 2க்கு மாற்றினால் சாதாரணத் தசமமாகவே தெரியும். 82எம்எஸ்ஸில் மோட் விசையை மூன்று முறை அழுத்தி, 3ஐயும் பிறகு 2ஐயும் அழுத்த வேண்டும். அதே இடத்தில் உள்ள ஃபிக்ஸ், தசமப் புள்ளிக்குப் பிறகு இத்தனை இலக்கம் என்று நிலைப்படுத்துவதற்கானது.

6. 10 பவர் போடறதுக்கு எக்ஸ்ப் பட்டன் ஏன்? நான் × 10 போட்டு அடுக்கு போட்டுக்குறேனே?

பெருக்கலில் இரண்டும் ஒன்றுதான், வகுத்தலில்தான் வினை. ஒளியின் திசைவேகமாகிய 3 × 10⁸ஐ அலைநீளமாகிய 6 × 10⁻⁷ஆல் வகுத்து அதிர்வெண் காண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்குறி இல்லாமல் 3 × 10⁸ ÷ 6 × 10⁻⁷ என்று அழுத்தினால் கால்குலேட்டர் 6ஆல் வகுத்துவிட்டு, கடைசியில் உள்ள 10⁻⁷ஆல் பெருக்கிவிடும். விடை வெறும் 5 என்று வரும். 3 எக்ஸ்ப் 8 ÷ 6 எக்ஸ்ப் −7 என்று அழுத்தினால் ஒவ்வோர் எண்ணும் தன் அடுக்கோடு சேர்ந்த ஒரே எண்ணாகக் கொள்ளப்பட்டு, சரியான விடையான 5 × 10¹⁴ கிடைக்கும்.

எக்ஸ்ப் விசைக்கு "பெருக்கல் பத்தின் அடுக்கு" என்பதே முழுப் பொருள். எனவே 6.022 × 10 என்று அழுத்திவிட்டு எக்ஸ்ப் 23 சேர்த்தால் அவகாட்ரோ எண் பத்து மடங்காகிவிடும். ஈஎஸ் வகையில் இதே விசை பெருக்கல் குறியோடும் பத்தோடும் அச்சிடப்பட்டிருப்பதால் இந்தக் குழப்பம் குறைவு. குறை அடுக்குக்குக் கழித்தல் விசையைவிட, அடைப்புக்குள் குறைக்குறி உள்ள விசையைப் பயன்படுத்துவதே நல்ல பழக்கம்.

7. சூத்திரம் அப்படியே போட்டேன், விடை புத்தகத்தோட ஒத்துப்போகலை. எங்க தப்பு?

பெரும்பாலும் அடைப்புக்குறியில். தாளில் நீண்ட பின்னக் கோடு மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தானே சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஒரே வரியில் அழுத்தும்போது அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். மேலே 12 + 8, கீழே 3 + 2 என்றால் விடை 4. அடைப்பு இல்லாமல் 12 + 8 ÷ 3 + 2 என்று அழுத்தினால் 16.67 வரும். வர்க்கமூலத்திலும் இதே சிக்கல்தான். எம்எஸ் வகையில் வர்க்கமூலக் குறி அடுத்து வரும் ஒரே எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால், ஒத்ததிர்வு அதிர்வெண் கணக்கில் தூண்டு திறனையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கி மூலம் காணும்போது இரண்டையும் ஓர் அடைப்புக்குள் வைத்தே ஆக வேண்டும்.

குறை எண்ணை வர்க்கப்படுத்தும்போதும் கவனம் வேண்டும். −2² என்றால் −4; (−2)² என்றால் 4. வர்க்கம் முதலில், குறைக்குறி பிறகு என்பதுதான் கணிதத்தின் மரபும்கூட. ஆகவே கால்குலேட்டரைக் குறை சொல்ல இதில் இடமில்லை.

8. 6 ÷ 2(1 + 2) போட்டா என் கால்குலேட்டர்ல ஒண்ணு, ஃப்ரெண்டோடதுல ஒன்பது வருது. எது சரி?

பெருக்கல் குறியை விட்டுவிட்டு எழுதும் 2(1 + 2) போன்ற வடிவத்துக்குச் சாதாரணப் பெருக்கலைவிட முன்னுரிமை உண்டா என்பதில் தயாரிப்பாளர்கள் ஒரே முடிவில் இல்லை. முன்னுரிமை உண்டு என்று கொள்ளும் மாதிரி 1 என்றும், இல்லை என்று கொள்ளும் மாதிரி 9 என்றும் காட்டும். புதிய மாதிரிகள் சில, தாம் எப்படிப் புரிந்துகொண்டன என்பதைக் காட்ட அடைப்பைத் தாமே சேர்த்துத் திரையில் காட்டிவிடுகின்றன. என்னைக் கேட்டால், இதைப் பற்றி நடக்கும் சண்டைகள் வீண்; கேள்வியை அப்படி எழுதியதே தவறு.

நமக்கு இதில் உள்ள உண்மையான ஆபத்து வேறு. 1 ÷ 2பை என்று பெருக்கல் குறியில்லாமல் அழுத்தினால் எம்எஸ் வகை 0.159 தரும், 1 ÷ 2 × பை என்று அழுத்தினால் 1.571 வரும். வகுக்கும் பகுதி முழுவதையும் அடைப்புக்குள் வைத்துவிட்டால் எந்த மாதிரியிலும் ஒரே விடைதான்.

9. 500 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி சேர்க்க 500 + 18 % போட்டேன். என்னமோ வருது!

கடைக் கால்குலேட்டரில் பெரும்பாலும் 590 என்று சரியாக வரும். 82எம்எஸ்ஸில் இதே வரிசை, இரண்டின் கூட்டுத்தொகை 18இல் எத்தனை சதவீதம் என்ற வேறொரு கணக்காகக் கொள்ளப்பட்டு 2877.78 என்று காட்டும். ஈஎஸ் பிளஸ்ஸில் சதவீதக் குறி வெறுமனே 100ஆல் வகுப்பதைக் குறிப்பதால் 500.18 வரும். மூன்றும் அவையவை வகுத்துக்கொண்ட விதிப்படி சரிதான். 500 × 1.18 என்று அழுத்தும் பழக்கம் இருந்தால் இந்த விசையே வேண்டாம்.

10. லாக் டேபிள்ல 0.05க்கு பார் 2.6990னு பார்த்தோம். கால்குலேட்டர் −1.3010னு காட்டுதே?

இரண்டும் ஒரே எண். அட்டவணையில் தசமப் பகுதி எப்போதும் மிகை எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, குறைக்குறியை முழு எண் பகுதியின் தலைமேல் மட்டும் கோடாகப் போட்டு வைத்தார்கள். அதாவது −2 + 0.6990. இதைக் கூட்டினால் −1.3010. கால்குலேட்டருக்கு அட்டவணையைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாததால், கூட்டி முடித்த எண்ணையே காட்டுகிறது. செய்முறைப் பதிவேட்டில் அட்டவணை முறையில் எழுதச் சொல்லியிருந்தால், கால்குலேட்டர் காட்டும் விடையோடு 2ஐக் கூட்டித் தசமப் பகுதியைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

லாக் விசை 10ஐ அடிமானமாகவும், எல்என் விசை 2.718 என்று தொடங்கும் இயல்மடக்கை அடிமானத்தையும் கொண்டவை. லாக் 100 என்பது 2. எல்என் 100 என்பது 4.605. வேறு அடிமானம் வேண்டுமானால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்: 2 அடிமானத்தில் 8இன் மடக்கை, லாக் 8 ÷ லாக் 2 = 3.

11. கோசெக் எங்க இருக்கு? சைன்மேல மைனஸ் 1 போட்டிருக்கே, அதுதானே?

அதுவல்ல. சைன் விசைக்கு மேலே மைனஸ் 1 அடுக்கோடு அச்சிட்டிருப்பது, சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திரும்பப் பெறுவதற்கானது. அதில் 0.5 கொடுத்தால் 30 வரும். கோசெக் என்பது சைனின் தலைகீழி. 30 டிகிரிக்கு அது 2. அதற்குத் தனி விசை கிடையாது. சைன் 30ஐ அடைப்புக்குள் எழுதி, வெளியே தலைகீழி விசையை அழுத்த வேண்டும், அல்லது 1 ÷ சைன் 30 என்று அழுத்த வேண்டும். செக், காட் ஆகியவற்றுக்கும் காஸ், டேன் கொண்டு இதே வழிதான்.

12. சர்வேல 45 டிகிரி 30 நிமிஷம் 20 செகண்ட்னு வருது. 45.3020னு போட்டா போதுமா?

போதாது; இது வேலையையே கெடுக்கும் பிழை. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 30 நிமிடம் என்பது அரை டிகிரி. 45° 30′ 20″ என்பதன் தசம வடிவம் 45.5056°. கோணம் அளக்கும் தியோடலைட் கருவியிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கோபுரத்தின் உச்சிக்கு இந்த ஏற்றக் கோணம் என்றால், சரியான கணக்கில் கருவியின் கண்மட்டத்துக்கு மேல் உயரம் 101.78 மீட்டர். 45.30 என்று அழுத்தியவருக்கு 101.05 மீட்டர் வரும். முக்கால் மீட்டருக்குச் சற்றே குறைந்த வித்தியாசம்.

டிகிரி, நிமிடம், நொடிக் குறிகள் மூன்றும் ஒன்றாக அச்சிடப்பட்ட விசை இதற்கென்றே இருக்கிறது. 45 எழுதி அந்த விசை, 30 எழுதி அதே விசை, 20 எழுதி மீண்டும் அதே விசை என்று அழுத்தினால் போதும். விடையாக வந்த தசமக் கோணத்தை நிமிடமும் நொடியுமாகப் பார்க்கவும் அதே விசைதான். நேரக் கணக்குக்கும் இது உதவும்: 2 மணி 45 நிமிடத்தோடு 1 மணி 30 நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள்.

13. வெக்டார் கோணம் கண்டுபிடிச்சா −53 வருது, விடை 127ன்னு இருக்கு. டிகிரியிலதான் வச்சிருக்கேன்.

இது மூன்றாம் கேள்வியில் சொன்ன அலகுச் சிக்கல் அல்ல. கிடைக்கூறு −3, செங்குத்துக்கூறு 4 என்றால் நீங்கள் 4 ÷ −3ஐக் கொடுத்து டேனின் நேர்மாறைக் கேட்கிறீர்கள். 4, −3 என்றாலும் −4, 3 என்றாலும் வகுத்த பிறகு கிடைப்பது ஒரே எண்தான். எந்தக் கால்பகுதி என்ற தகவல் வகுக்கும்போதே தொலைந்துவிடுகிறது. கால்குலேட்டர் −90க்கும் 90க்கும் இடைப்பட்ட கோணமாகிய −53.13ஐத் தருகிறது. கிடைக்கூறு குறை எண்ணாக இருந்தால் 180ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 126.87.

கூட்ட மறந்துவிடும் என்று அஞ்சுபவர்கள், "போல்" (Pol) என்ற விசையைப் பயன்படுத்தலாம். அதில் −3, 4 என்று காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் எம்எஸ் வகை முதலில் நீளமாகிய 5ஐக் காட்டும். கோணம் எஃப் என்ற நினைவகத்தில் இருக்கும், ஆர்சிஎல் எஃப் என்று அழுத்திப் பார்க்க வேண்டும். ஈஎஸ் பிளஸ் இரண்டையும் சேர்த்தே காட்டிவிடும். இரண்டு கூறுகளும் தனித்தனியாகப் போவதால் கால்பகுதி தவறாது.

14. மேத் எரர், சின்டாக்ஸ் எரர்னு வருதே, ரெண்டும் ஒண்ணா?

சின்டாக்ஸ் எரர் என்றால் எழுதிய விதத்தில் பிழை: இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்திருக்கலாம், ஏதேனும் ஓர் அடைப்பு பொருந்தாமல் இருக்கலாம். மேத் எரர் என்றால் எழுதியது சரி, ஆனால் விடை இல்லை, அல்லது திரையில் அடங்காது. 0ஆல் வகுத்தல், டேன் 90, லாக் 0, சைன் நேர்மாறில் 2 ஆகியவை விடை இல்லாதவை. 69இன் தொடர்பெருக்கம் 1.711 × 10⁹⁸ என்று வரும். 70இன் தொடர்பெருக்கத்துக்கு விடை இருந்தும் அது 10¹⁰⁰ஐத் தாண்டிவிடுவதால் மேத் எரர். இரண்டு பிழைகளிலும் அம்புக்குறியை அழுத்தினால் இடர்ப்பட்ட இடத்துக்கே குறிமுள் போய் நிற்கும்.

15. ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதி மறுபடி டைப் பண்ணா கடைசி இலக்கம் மாறுது. ஏன்?

திரையில் தெரிவதைவிடக் கூடுதலான இலக்கங்களைக் கால்குலேட்டர் உள்ளே வைத்திருக்கிறது. ஃபிக்ஸ் 3இல் 100 ÷ 7 என்பது 14.286 என்று தெரியும். அப்படியே 7ஆல் பெருக்கினால் 100.000. தாளில் எழுதிய 14.286ஐ மீண்டும் அழுத்தி 7ஆல் பெருக்கினால் 100.002. எனவே இடைப்பட்ட விடைகளை, கடைசி விடையைத் திரும்பத் தரும் ஆன்ஸ் விசையாலோ, எஸ்டிஓ கொண்டு ஏ, பி போன்ற எழுத்துகளில் சேமித்தோ பயன்படுத்துங்கள். கடைசி விடையை மட்டும் முழுமைப்படுத்துங்கள்.

ஆன்ஸ் விசைக்கு இன்னொரு பயனும் உண்டு. 3 எழுதிச் சமக்குறி அழுத்துங்கள். பிறகு (ஆன்ஸ் + 10 ÷ ஆன்ஸ்) ÷ 2 என்று எழுதிச் சமக்குறியை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துங்கள்: 3.166666667, 3.162280702, அடுத்து 3.16227766. மூன்றே அழுத்தலில் 10இன் வர்க்கமூலம் வந்துவிட்டது. எண்முறைக் கணிதத்தில் வரும் மறுசெய்கைக் கணக்குகள் அனைத்தையும் இப்படிச் செய்யலாம்.

விடையை எம் என்ற நினைவகத்தில் உள்ளதோடு கூட்டிவைக்கும் எம்+ விசையை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். ஏசி அழுத்தினாலும் அந்த நினைவகம் அழிவதில்லை. திரையில் எம் என்ற எழுத்து தெரிந்தால் பழைய தொகை உள்ளே இருக்கிறது என்று பொருள். 0ஐ எம்மில் சேமித்தால் அது நீங்கும்.

16. ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு ரெண்டு விடை வருது. எதை எழுதறது?

2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற தரவுக்கு ஒன்று 2 என்றும் மற்றொன்று 2.138 என்றும் வரும். விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகிய 32ஐ 8ஆல் வகுத்து மூலம் கண்டது முதலாவது. 7ஆல் வகுத்தது இரண்டாவது. தரவு முழுத் தொகுதியாக இருந்தால் முதலாவதையும், பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியாக இருந்தால் இரண்டாவதையும் எழுத வேண்டும். எம்எஸ் வகையில் புதிய தரவைத் தொடங்கும் முன் ஷிஃப்ட், சிஎல்ஆர், 1, சமக்குறி என்று அழுத்திப் பழைய தரவை அழிக்காவிட்டால் நேற்றைய எண்களும் சேர்ந்துகொள்ளும். தரவின் எண்ணிக்கையை ஒருமுறை சரிபார்த்தால் இது உடனே பிடிபடும்.

17. இவ்வளவு சின்ன மெஷின் சைன் மதிப்பை எப்படிக் கண்டுபிடிக்குது? உள்ளே டேபிள் இருக்கா?

முழு அட்டவணை தேவையில்லை. ஜாக் வோல்டர் 1959இல் வெளியிட்ட கார்டிக் என்ற முறையில், மிகச் சில கோணங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டியும் கழித்தும் கேட்ட கோணத்தை நெருங்கிச் செல்வார்கள். கூட்டலும் இலக்கங்களை இடம் நகர்த்துவதும் மட்டுமே போதும் என்பதால் எளிய மின்சுற்றுக்கு அது பொருந்தியது. எச்பி-35 இந்த வழியைத்தான் பின்பற்றியது. டேன் மதிப்பு 1, 0.1, 0.01 என்று அமைந்த கோணங்கள் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

அந்த எச்பி-35இலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. 2.02இன் இயல்மடக்கையைக் கண்டு, உடனே அதன் எதிர்ச்செயலைச் செய்தால் 2.02 திரும்பி வர வேண்டும். தொடக்ககால இயந்திரங்கள் 2 என்று காட்டின. நிறுவனம் வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, மாற்றித்தர முன்வந்தது.

18. ஈஎஸ் பிளஸ்ல விடை பையும் ரூட்டுமா வருது. அதை அப்படியே எழுதலாமா?

தசமம் வேண்டுமானால் எஸ், டி என்ற எழுத்துகளுக்கிடையே அம்புக்குறி உள்ள விசையை அழுத்தினால் மாறிவிடும். அப்படியே எழுதலாமா என்றால், பெரும்பாலும் எழுதலாம். ஆனால் பை வடிவத்தை அந்த இயந்திரம் நிரூபித்துத் தருவதில்லை. விடை ஒரு பின்னத்தைப் பையால் பெருக்கியதற்கு மிக நெருக்கமாக இருந்தால் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறது. 11⁶ ÷ 13 என்று அழுத்திப் பாருங்கள். ஈஎஸ் பிளஸ் வகையின் சில மாதிரிகள் 156158413 / 3600 பை என்று காட்டும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்ததில் பைக்கு என்ன வேலை? திரைக்கு எட்டும் பத்து இலக்கத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் நேர்ந்த தவறான ஊகம் அது.

19. பரீட்சைக்கு எந்த மாடல் எடுத்துட்டுப் போகலாம்? போறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

பொதுவாக, கல்லூரித் தேர்வுகளில் தடை புரோகிராம் செய்யக்கூடியவற்றுக்குத்தான்; மேலே சொன்ன மூன்றும் அந்த வகை அல்ல. இருந்தாலும் உங்கள் தேர்வின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள். ஜேஈஈ மெயின், நீட் தேர்வுகளில் எந்தக் கால்குலேட்டரும் கிடையாது. கேட் தேர்வில் சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை; திரையிலேயே ஒன்று தருகிறார்கள். அதைச் சுட்டியால்தான் இயக்க வேண்டும். சைன் 30 காண முதலில் 30, பிறகு சைன் என்று அழுத்த வேண்டும். கை விரலுக்குப் பழகிய வரிசை இதற்கு நேர் எதிர் என்பதால், தேர்வுக்கு முன்பே அதில் சில கணக்குகளைப் போட்டுப் பழகுவது நல்லது.

சொந்தக் கால்குலேட்டரை எடுத்துச் செல்லும் தேர்வானால், முந்தைய நாள் இரவே எம்எஸ்ஸில் ஷிஃப்ட், மோட், 3, சமக்குறி என்றும், ஈஎஸ் பிளஸ்ஸில் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி என்றும் அழுத்தி எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். கோண அலகு டிகிரிக்கும், திரை நார்ம் 1க்கும் திரும்பிவிடும்; நினைவகங்களும் காலியாகும். நார்ம் 2 வேண்டுபவர்கள் ஐந்தாம் கேள்வியில் சொன்னபடி மறுபடியும் மாற்றிக்கொள்ள வேண்டும்.